பின்னாடி யாருன்னா கேக்குறீங்க?

2015 செப்டம்பர்ல மூணாறு ரோட்டை மறிச்சு நாங்க உக்காந்தப்போ, வந்தவன் போனவனெல்லாம் கேட்டது ஒண்ணேதான்: "உங்களுக்குப் பின்னாடி யாரு?" தமிழ்நாட்டுத் தீவிரவாதிங்க தூண்டி விட்டாங்களாம். ஏன்யா, தாத்தா பாட்டி காலத்துல இருந்து இந்த மலையில தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்குத் தானா வயிறு எரியாதா?

முந்தின வருஷம் 19 சதவீதம் குடுத்த போனஸை 10 ஆக்கிட்டாங்க. கம்பெனிக்கு லாபம் குறைஞ்சிருச்சாம். அப்போ ஒரு நாள் கூலி 232 ரூபா. அதுக்கு 21 கிலோ எடுத்துக் காட்டணும். இடுப்புல படுதாவைக் கட்டிக்கிட்டு, மழையில கத்தரி பிடிச்சு வெட்டி, கால்ல ஏறுற அட்டையைப் பிச்சு எறிஞ்சிட்டு, நிறைஞ்ச சாக்கைத் தலையில தூக்கிக்கிட்டுச் சரிவுல இறங்கிப் பாருங்க. தோள்பட்டை ராத்திரி தூங்க விடாது. பிள்ளை பரீட்சைக்குப் பணம் கேட்டா போனஸ் வரட்டும்னு சொல்லி வச்சிருப்போம். அதுலதான் கை வச்சாங்க.

யூனியனா? மாசாமாசம் சந்தா பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தெரியலை. அதான் கொடியும் வேணாம், தலைவரும் வேணாம்னு இறங்கினோம். சமாதானம் பேச வந்த எம்.எல்.ஏ.வையே விரட்டி விட்டோம். எங்க வீட்டு ஆம்பளைங்களையும் ஓரமாத்தான் நிக்கச் சொன்னோம். அவங்களுக்குக் குடிக்க வாங்கிக் குடுத்து, கையெழுத்து வாங்கி, காரியத்தைக் கெடுத்திடுவாங்கங்கிற பயம்தான், வேறென்ன. பின்னாடி யாருன்னா கேட்டீங்க? கைப்பிள்ளையைப் பார்த்துக்கிட்ட மாமியா இருந்தா. பக்கத்து லயத்து வீட்டுல சோறு பொங்கின மதினி இருந்தா. எண்ணிக்கங்க.

ஒன்பது நாள் உக்காந்தோம். போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67, ஆக 20 சதவீதம்னு இறங்கி வந்தாங்க. அந்தக் கருணைங்கிற பேரை நாங்களா கேட்டோம்? கூலி 500 கேட்டோம். அப்புறமா 301ல முடிச்சாங்க. பேப்பர்ல எல்லாம் வீரப்பெண்கள்னு எழுதினாங்க. 2017ல ஒரு மந்திரி மேடை ஏறி, நாங்க போராடின இடத்துல குடியும் மத்ததும் நடந்துச்சுன்னு வாய் கூசாம பேசினாரு. கட்டின புருசனுக்கும் படிக்கிற மகளுக்கும் முன்னாடி நாங்க கூனிக்குறுகி நின்னது அவருக்குத் தெரியுமா?

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி எங்க மூணாறுப் பக்கம் பெட்டிமுடியில மலை சரிஞ்சு லயங்களை மூடிருச்சு. கரண்டு இல்லை, போன் இல்லை. விடிஞ்ச பிறகுதான் வெளியில தெரிஞ்சது. 70 உசுரு, அதுல 4 பேரு உடம்புகூடக் கிடைக்கலை. மறுநாளே கோழிக்கோட்டுல விமானம் விழுந்துச்சு. அங்க செத்தவங்களுக்கு 10 லட்சம்னு அறிவிச்ச சர்க்காரு, எங்க ஆளுங்களுக்கு அறிவிச்சது 5 லட்சம். அவங்க உசுரும் உசுருதான், நாங்க இல்லைன்னு சொல்லலை. எங்க உசுருக்கு மட்டும் பாதி விலை போட்டது எந்தத் தராசு?

அந்த லயம்கூட எங்களது இல்லை. ரிட்டையர் ஆனதும், வீட்டுல வேற ஆளு தோட்ட வேலையில இல்லேன்னா காலி பண்ணிக் குடுக்கணும். ஆயுசெல்லாம் கொழுந்து கிள்ளின கை, சட்டி பானையைக் கட்டிக்கிட்டு எந்த ஊருக்குப் போகும்? தேனிக்கா? திருநெல்வேலிக்கா? அங்க எங்களுக்கு ரேசன் கார்டும் இல்லை, முகம் தெரிஞ்ச ஆளும் இல்லை. இந்த மலையிலேயே அஞ்சு சென்டு மண்ணு, எங்க பேருல பட்டாவோட குடுங்க. கருணையா வேணாம். கணக்குப் பார்த்தே குடுங்க.