ஏரிக்கரை வீடு: கரை எது?

ஏரிக்கரையில் ஒரு குடும்ப ஓய்வில்லம் டிசைன் பண்ணச் சொன்னா, நாம என்ன பண்றோம்? சைட்டை மட்டமாக்கி, தண்ணியை ஒட்டியே வீட்டை வச்சிடறோம். சுத்தி புல்வெளி வேற!

இலங்கையில் தம்புள்ளை அருகே, கண்டலம குளத்தைப் பார்த்தபடி ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டலைப் பாருங்க. பாறைச் சரிவின் வளைவோடே அது நீள்கிறது. தூண்கள் மேல் நிற்பதால் மழைநீர் அடியில் ஓடிவிடுகிறது. செடிகொடிகள் சுவரை மூடியிருக்கின்றன.

நம்ம வீடு சின்னதுதான், ஆனா பாடம் அதேதான். கோடையில் தெரியும் கரை ஏரியின் எல்லை இல்லை. மழைக்காலத்தில் தண்ணி எதுவரை ஏறும்னு ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க. வீடு அதுக்கு மேல இருக்கட்டும். செப்டிக் டேங்க் இன்னும் தள்ளி. கரையில் நாணலை விட்டுவையுங்க, பறவைகள் அங்கதான் வரும்.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி, உங்க பிளான்ல மழைக்காலக் கரையை வரைஞ்சு பாருங்க. உங்க வீடு எந்தப் பக்கம் இருக்கு?