விருந்தினரா? உறவினரா?

கயத்தாற்று மண்ணில் நின்று இதனை எழுதுகின்றோம். 1799ஆம் ஆண்டு அக்தோபர் 16ஆம் நாள் கட்டபொம்மனை வெள்ளையன் புளியமரத்தில் தூக்கிலிட்ட மண் இது. தூக்கிலிட்டவன் வெள்ளையன், பிடித்துக் கொடுத்தவர் யாவர்? புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆள்கள்! மறைந்திருந்தவனைக் காட்டிக்கொடுப்பது எத்துணை இழிவென்பதை இவ்வூர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

திரைப்படத்தின் ஆற்றலையும் இவ்வூர் அறியும். 1959இல் கட்டபொம்மனாக நடித்த சிவாசி கணேசன்தாம் இங்கே அவனுக்குச் சிலை எடுப்பித்தார். எனவே, ‘படந்தானே’ என்று ஒரு படத்தைத் தள்ளிவிட எம்மால் இயலாது.

2025 மே 1ஆம் நாள் ஒரு படம் வெளிவந்தது. அபிசன் சீவிந்து என்னும் இளைஞரின் முதற்படம். இலங்கையின் பொருளியற் சீர்குலைவால் வாழவியலாத தருமதாசு, மனைவி வசந்தி, மக்கள் இருவர் ஆகிய நால்வரும் இரவோடு இரவாகப் படகேறி இராமேசுவரக் கரையில் இறங்குகின்றனர். சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக நடித்துள்ளனர். இளைய மகனின் பெயர் முள்ளி. அப்பெயரைக் கேட்டதும் 2009இன் முள்ளிவாய்க்கால் நெஞ்சில் தைக்காத தமிழன் உளனோ?

சென்னையில் ஒரு தெருவில் குடியேறும் அவர்களுக்கு இடப்படும் முதற்கட்டளை யாது? ‘வாய் திறவாதீர்! உங்கள் பேச்சு உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்!’ என்பதே. தமிழ்நாட்டின் தலைநகரில், தமிழர் தெருவில், தமிழ் பேசுவது குற்றமாகின்றது! அரங்கில் அனைவரும் சிரிக்கின்றனர், நாமும் சிரித்தோம். சிரித்து முடிந்தபின் தலை குனிந்தோம்.

ஆயினும் அக்குடும்பம் வாய் மூடவில்லை. அண்டை வீட்டாரின் துயரில் பங்கு கொள்கின்றது. கதவடைத்துக் கிடந்த தெருவை உறவாக்குகின்றது. இறுதியில் காவலர் தேடி வருங்கால் அத்தெருவினர் அக்குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாமும் ஈழத்தமிழ் பேசி அவர்களைக் காக்கின்றனர். எந்தப் பேச்சை மறைக்கச் சொன்னார்களோ, அந்தப் பேச்சே கேடயமாகின்றது! குத்தும் வெட்டும் குருதியுமே படமென்று கிடக்கும் இந்நாளில் இத்தகு படம் எடுத்தாரை நெஞ்சாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால், படத்தின் பெயர்? ‘டூரிசுட்டு பேமிலி’!

தமிழால் காக்கப்பட்ட குடும்பத்திற்கு ஆங்கிலத்தில் பெயர்! ரொட்டிக் கடைக்கும் ‘வெதுப்பகம்’ என்று பெயர் பொறித்த ஈழமக்களின் கதைக்கு ஆங்கிலத்தில் பெயர்! ‘அது எள்ளல் ஐயா, ஏதிலியரைச் சுற்றுலாவினர் என்பதுதான் நகைச்சுவை’ என்பர் சிலர். எள்ளுவதற்குத் தமிழில் சொல்லில்லையா? சுற்றுலாவினன் பார்த்துவிட்டுத் திரும்புபவன். தமிழில் ‘விருந்து’ என்றொரு சொல் உண்டு. அதன் முதற்பொருள் புதுமை. முன்பின் அறியாத புதியவனே விருந்தினன்; அறிந்தவன் உறவினன். புதியவராய் வந்து உறவாகிவிட்ட குடும்பத்தின் கதை முழுதும் ‘விருந்து’ என்னும் அவ்வொரு சொல்லுள் அடங்கியிருக்கின்றதே!

2006இல் தமிழ்ப்பெயர் கொண்ட படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. உடனே ‘எம்டன் மகன்’ ‘எம் மகன்’ ஆயிற்று. ‘சில்லுனு ஒரு காதல்’ தன் வடவெழுத்தைக் களைந்தது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தது. பழைய வரிமுறை போயிற்று. வரிக்காக வந்த தமிழ் வரியோடு போயிற்று! காசு கொடுத்தால் தமிழன், கொடாவிடில் ஆங்கிலன் என்னும் நிலை மானமுடையார்க்கு அடுக்குமா?

இனி, படத்தினும் பெரிய செய்திக்கு வருவோம். அரங்குகளில் அப்படம் ஓடிக்கொண்டிருந்த அதே மே 19ஆம் நாள், சிறைத்தண்டம் கழித்த ஈழத்தமிழர் ஒருவர் தம்மை நாடு கடத்த வேண்டாவென்று முறையிட்டபோது, ஞாலத்து ஏதிலியர்க்கெல்லாம் இடமளிக்க இந்தியா சத்திரமன்று என்றது உச்சநீதிமன்றம். 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாக்கித்தான், வங்காளதேசம், ஆப்கானித்தானத்தினின்று வந்தார்க்கு வழி திறந்தது, இலங்கையை விட்டுவிட்டது. 1983 முதல் வந்தவர்களும் அவர்தம் மக்களும் பல்லாயிரவர் இன்றும் முகாம்களில் உள்ளனர். 2021இல் ஏதிலியர் முகாமுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது, குடியுரிமை வந்ததா?

தூத்துக்குடிக் கரையார்க்கு இலங்கை அயல்நாடா? மன்னார்க் கடலின் இருகரையிலும் முத்துக் குளித்தவர் நம் பாட்டன்மார். 1906இல் வ.உ.சிதம்பரனார் கப்பற் குழுமம் கண்டதும் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுதற்கே. அக்கடலைக் கடந்து வந்தவன் சத்திரத்து வழிப்போக்கனா?

தமிழ! படம் பார்த்துக் கண்ணீர் வடித்தாய்; நன்று. எட்டயபுரத்தையடுத்த தாப்பாத்தியில் ஒரு முகாம் உள்ளது. கயத்தாற்றினின்று அது தொலைவன்று. என்றேனும் அங்குச் சென்றிருக்கின்றாயா? அங்குள்ளார் பேச்சைக் காது குளிரக் கேட்டிருக்கின்றாயா? அவர்தம் குடியுரிமைக்கு ஒரு விண்ணப்பத்திலேனும் கையெழுத்திட்டிருக்கின்றாயா? திரையில் கண்ட குடும்பத்திற்குக் கைதட்டிவிட்டுத் தரையில் வாழும் குடும்பத்தைக் கைவிடுவது என்ன அறம்?

படத்தில் ஒரு தெரு செய்ததை ஒரு நாடு செய்ய வேண்டும். அதற்கு முதற்படி, நம் வாயினின்று நம் மொழியைத் துரத்தாதிருத்தல். அடுத்த படி, நம் மொழி பேசும் உறவைத் துரத்த விடாதிருத்தல். இரண்டும் வேறல்ல, ஒன்றே!

கயத்தாற்றுப் புளியமரம் ஒருமுறை கண்டது போதும். காட்டிக்கொடாதே, தமிழ! மொழியையும் காட்டிக்கொடாதே, உறவையும் காட்டிக்கொடாதே!