பெற்றோராகும் காலம் எது?

பத்தாந் தரத்தில் படிக்கும் மகனிடமும் மகளிடமும் நாம் எத்தனையோ வினாக்களைத் தொடுக்கிறோம். உயர்தரத்தில் என்ன பாடம், எந்த உத்தியோகம் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். ஆயின், “பிள்ளை பெறுவது எப்போது நல்லது? பெறத்தான் வேண்டுமா?” என்னும் வினாவை மட்டும் நாணத்தால் மூடி வைத்துவிடுகிறோம். உத்தியோகத்தை விடலாம், வீட்டை விற்கலாம், பெற்ற பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தல் இயலுமோ?

இவற்றைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என அஞ்சுவோர் பலர். வீட்டில் விடை கிடையாத பிள்ளை கூட்டாளிகளிடமும் கைத்தொலைபேசியிலும் அதனைத் தேடும். அங்கே மெய்யும் பொய்யும் கலந்தே கிடைக்கும்.

வளரிளம் பருவத்தினர் அறியவேண்டிய உண்மைகள் சில உள. இலங்கையின் பொது விவாகச் சட்டப்படி, 1995ஆம் ஆண்டு முதல் இருபாலாருக்கும் விவாகத்துக்குரிய குறைந்த வயது 18 ஆகும். 20 வயதுக்கு முன் தாயாகும் பெண்ணுக்குக் கர்ப்பகால வலிப்பும், பிரசவத்தின் பின் கிருமித் தொற்றும் நேரும் அபாயம் கூடுதல். குழந்தை நிறை குறைந்தோ குறைமாதத்திலோ பிறப்பதும் உண்டு. மறுபுறம், 35 வயதின் பின் கருத்தரிக்கும் வாய்ப்பு விரைந்து குறைகின்றது. ஒரு பிரசவத்தின் பின் அடுத்த கருவுக்கு இரண்டாண்டேனும் இடைவெளி விடுதல் நன்று என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆலோசனை.

முன்யோசனை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1953ஆம் ஆண்டளவில் இலங்கைப் பெண் ஒருத்திக்குச் சராசரியாக ஐந்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். 2016ஆம் ஆண்டுக் கணிப்பில் அத்தொகை 2.2 ஆயிற்று. பெண்கள் கல்வி கற்றுப் பிந்தி மணம் முடித்தமை இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும்.

இப்பேச்சைத் தாயும் மகளும் மட்டும் அடுக்களையில் முடித்துக்கொள்வது போதாது. தந்தை மகனோடும் பேசல் வேண்டும். உறவினரின் கைக்குழந்தையை ஒரு சனிக்கிழமை முழுவதும், பெரியோர் அருகிருக்க, மகனைப் பராமரிக்கச் சொல்லுங்கள். பால்மாவுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவை மகளும் அவனும் சேர்ந்து கணக்கெழுதட்டும். நூறு புத்திமதிகள் உணர்த்தாததை அந்த ஒரு நாள் உணர்த்திவிடும். உடல் பற்றிய ஐயங்களைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூசாது கேட்கலாம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளை வேண்டாம் என்று தீர்மானிப்போரும், விரும்பியும் பெற இயலாதோரும் நம்மிடையே வாழ்கின்றனர். மணமான மறுமாதமே “விசேஷம் ஒன்றுமில்லையா?” என்று கேட்கும் வழக்கம் அவர்களை எவ்வளவு வருத்தும்! அக்கேள்வியைக் கேளாதிருக்க நம் பிள்ளைகள் பழகட்டும். பேரப்பிள்ளையைக் காணும் ஆசை நமக்கு இருக்கலாம். நாளைக் குறிக்கும் உரிமை அவர்களுடையதே.