பச்சை வாந்தி என்று தமிழில் எழுதுங்கள்

குழந்தைகளுக்கான குடலிறக்க ஆபரேஷன் சின்ன ஆபரேஷன் என்கிறார்கள். உண்மைதான். கருவில் விரை இறங்கி வந்த வழி மூடாமல் இருந்தால் குடல் அதில் நழுவித் தொடை இடுக்கில் புடைக்கிறது. சர்ஜன் அந்தப் பையைக் கட்டிவிடுகிறார். பெரியவர்களுக்குப் போல வலை வைப்பதில்லை. தொப்புள் புடைப்பு மாதிரி இது தானாக மூடாது. கைக்குழந்தைக்குக் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். ஆகவே ஆபரேஷன் வேண்டியதுதான்.

என் குறை, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் காகிதத்தின் மேல். ஆயுள் முழுதும் அரசாங்கக் காகிதங்களோடு குடித்தனம் நடத்தியவன் வேறு எதைப் பார்ப்பேன்! பக்கத்து வீட்டுப் பேரனுக்குக் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். கடைசி வரி: தொந்தரவு இருந்தால் வரவும். எது தொந்தரவு? சிக்கியிருந்த குடலை உள்ளே தள்ளி அவசரமாகச் செய்த ஆபரேஷன் அது. மூன்றாம் நாள் பையன் பச்சையாக வாந்தி எடுத்தான். பித்தம் என்று பாட்டி ஓமத் தண்ணீர் கொடுத்தார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அது பித்தநீரேதான், கீழே போக வழியில்லாமல் மேலே வருகிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ராத்திரி வயிறு உப்பிக் கல்லானபின் ஆட்டோ பிடித்தார்கள். பழுதான குடல் துண்டை வெட்டித் தைத்தார்கள். பிழைத்தான்.

1735ல் லண்டனில் க்ளோத் அமியான் என்ற சர்ஜன், 11 வயதுப் பையனின் குடலிறக்கப் பைக்குள் ஓட்டை விழுந்த குடல்வாலைக் கண்டு வெட்டியெடுத்தார். மயக்க மருந்தே இல்லாத காலம். பையன் பிழைத்தான். அமியான் பிரெஞ்சுக் குடும்பத்தவர் (பிரெஞ்சில் படித்தவனுக்கு இந்த அற்பப் பெருமை இருக்கட்டும்). நடந்ததையெல்லாம் விவரமாக எழுதியும் வைத்தார்.

நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை, அரைப்பக்கம். மயக்க மருந்தால் முதல் நாள் ஓரிரு முறை வாந்தி வரலாம், பயமில்லை. பச்சை வாந்தி, உப்பிய வயிறு, மலமும் காற்றும் அடைபடுதல், மலத்தில் ரத்தம், காய்ச்சல், அதே இடத்தில் கெட்டியான வீக்கம்: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். இதைத் தமிழில் அச்சடித்து, ஒரு நர்ஸ் பாட்டிக்கும் படித்துக் காட்டவேண்டும். பகலில் பிள்ளையைப் பார்ப்பது அவர்தானே.

பிரெஞ்சுக் காகிதத்தை வாசிக்க ஆள் தேடி அலைந்த புதுச்சேரிக்கு இது பழைய கதை. மொழிதான் மாறியிருக்கிறது. இப்படி எழுதினால் பெற்றோர் பயந்துவிடுவார்கள் என்றார் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர். பயந்து ஓடிவந்தால் ஒரு ஆட்டோக் கூலிதான் நஷ்டம் என்றேன்.