கல்யாணமாகிப் போனால் யார் கட்டுவது?

பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்த மறுவாரம், கல்விக் கடன் விண்ணப்பத்தோடு அப்பாவும் நானும் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தோம். மேலாளர் என் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. கல்லூரியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: “பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா யாருங்க கட்டுறது?” அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த மேலாளரை மட்டும் திட்டிவிட்டுப் போக நான் இதை எழுதவில்லை. அவர் வாய்விட்டுக் கேட்டதை நம் விதிமுறைகள் சத்தமில்லாமல் கேட்கின்றன.

முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்வோம். 2010-11 முதல் தமிழக அரசு தரும் இந்தச் சலுகையில், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கிறது. சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை, நல்ல திட்டம்தான். ஆனால் குடும்பத்தில் பெற்றோரோ தாத்தா பாட்டியோ உடன்பிறந்தவரோ பட்டதாரியாக இருந்தால் கிடையாது. என் அண்ணன் எனக்கு முன்பே பி.காம். முடித்திருந்தான். அவன் அந்தச் சலுகையைப் பயன்படுத்தவே இல்லை. ஆனாலும் நான் ‘முதல்’ இல்லை. எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். அதை எழுத அந்தச் சான்றிதழில் இடமில்லை. மகனை முதலில் படிக்கவைப்பது என்று வீடு முடிவெடுக்கிறது. அதற்கான அபராதத்தை மகள் கட்டுகிறாள்.

அடுத்தது கடன். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது. ஆனால் பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். திருமணமானவள் என்றால் கணவனோ மாமனார் மாமியாரோ போடலாம். பதினெட்டு வயதில் வாக்களிக்கலாம். தன் படிப்புக்குத் தான் மட்டும் கையெழுத்திட முடியாது. மேலே படிக்காதே என்று சொல்லும் வீட்டில் அந்தக் கையெழுத்தே பூட்டு.

வட்டியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள், 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு அவகாசமும் கழியும்போது வட்டி மட்டும் 1,40,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியான தொழிற்படிப்பாகவும் இருந்தால், மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் இதை ஏற்கிறது. ஆனால் மருத்துவக் காரணம் தவிர வேறு எதற்காகப் பாதியில் நின்றாலும் மானியம் போய்விடும். நம் ஊரில் பெண்கள் எதற்காகப் பாதியில் நிறுத்தப்படுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? மூன்றாம் ஆண்டில் நல்ல வரன் வந்துவிட்டது என்று அப்பா முடிவெடுப்பார். வட்டி அவள் பேரில் நிற்கும்.

“நாளைக்குக் கடன் திரும்பி வராவிட்டால் வங்கி என்ன செய்யும்?” என்று கேட்பவர்கள் உண்டு. அதற்காகத்தான் 2015-இல் கடன் உத்தரவாத நிதி வந்தது. 7.5 லட்சம் வரையான கடன் வாராக் கடனானால் அதில் 75 சதவீதத்தை அந்த நிதி ஈடுகட்டும். அதன் பிறகும் பெண்ணின் கல்யாணத்தைக் காட்டிப் பயப்படுவது வெறும் வணிக எச்சரிக்கை இல்லை.

மாற்றம் முடியாததும் இல்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தார்கள். தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவரின் பெயரில் தாலிக்குத் தங்கம்! 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமானது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆயிரம் ரூபாய் விடுதிக் கட்டணத்துக்குக் காணாது. ஆனால் அது அவளுடைய கணக்குக்கே வருகிறது. அண்ணன் படித்தானா என்று கேட்பதில்லை. மற்ற திட்டங்களும் இங்கேதான் வந்துசேர வேண்டும். முதல் பட்டதாரியைக் கணக்கிடும்போது வீட்டின் முதல் பெண்ணையும் தனியே எண்ணுங்கள். 4 லட்சம் வரை அவள் கையெழுத்து மட்டும் போதும் என்று ஆக்குங்கள். திருமணத்துக்காக நிறுத்தப்பட்டவளின் மானியத்தைப் பறிக்காதீர்கள்.

விண்ணப்பிக்கப் போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வாய்மொழியாக ‘இல்லை’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். மேலதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கல்விக் கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் நிராகரிக்கக் கூடாது. எழுத்தில் கேளுங்கள். யார் கட்டுவது என்று அவர் உங்கள் அப்பாவிடம் கேட்டால், அன்று நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் சொல்லுங்கள்: “நான் கட்டுவேன், சார். என்கிட்ட கேளுங்க.”