முன்னுரிமைத் தேதியும் பிறந்த ஊரும்

அமெரிக்காவில் கிரீன் கார்டு என்று வழங்கும் நிரந்தர வசிப்புரிமையை வேலையின் வழியாகப் பெற விரும்பும் பெரும்பாலோருக்கு, அதற்கு மனுச் செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை. அது அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்திடம் இருக்கிறது. அந்தப் பணிக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் கிடைக்கவில்லை என்பதை, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாளிதழ் விளம்பரம் வெளியிடுவது உள்ளிட்ட வழிகளில் காட்டி, நிறுவனம் தொழிலாளர் துறையிடம் சான்று பெற வேண்டும். அதற்கு மனு அளித்த நாளே 'முன்னுரிமைத் தேதி', அதாவது வரிசையில் அந்த ஊழியருக்குரிய இடம்.

அந்த வரிசையின் நீளத்தைப் பிறப்புச் சான்றிதழில் உள்ள ஊர்ப்பெயர் தீர்மானிக்கிறது. 1990ஆம் ஆண்டின் சட்டம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்களை, மனைவி மக்களையும் சேர்த்து ஒதுக்கியதோடு, ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக 7 விழுக்காடு என்று வரம்பும் இட்டது. கொல்லிமலைச் செம்மேட்டில் பிறந்த ஒரு பொறியாளருக்கும் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பொறியாளருக்கும் ஒரே நிறுவனம் ஒரே நாளில் மனுச் செய்தாலும், யாழ்ப்பாணத்தவர் பல ஆண்டுகள் முந்திவிடுவார். செம்மேட்டுக்காரர் இடையில் கனடாவின் குடியுரிமையைப் பெற்றாலும் இந்தியக் கணக்கிலேயே நிற்பார். அவருடைய மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தால், மனைவியின் பிறப்பிடத்தைக் காட்டி வரிசை மாறச் சட்டம் இடமளிக்கிறது. தகுதியால் இயலாதது திருமணத்தால் இயலும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று கொள்ள முடியாது. 2025இல் இந்தியர்களுக்கு, மேற்பட்டப் படிப்பினருக்கான இரண்டாம் பிரிவிலும் பட்டதாரிகளுக்கான மூன்றாம் பிரிவிலும் 2013ஆம் ஆண்டை ஒட்டிய தேதிகளே நடந்துகொண்டிருந்தன.

காத்திருப்பை விடக் கொடியது அது உண்டாக்கும் சார்பு. எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் இருந்தபடி காத்திருப்பவர் வேலையிழந்தால் அதிகபட்சம் 60 நாள்களுக்குள் வேறு நிறுவனத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். பழைய தேதி பெரும்பாலும் கைவிட்டுப் போகாது என்றாலும், புதிய நிறுவனம் சான்றையும் மனுவையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருப்பதால், சம்பள உயர்வைக் கேட்கவும் பலர் தயங்குகிறார்கள். உடன் வந்த குழந்தைக்கு 21 வயது நிறைந்தால், சட்டம் தரும் சிறு கழிவு போக, அது பெற்றோரின் வரிசையிலிருந்து நீங்குகிறது.

நாட்டு வரம்பை நீக்கும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2019இலும், வேறு வடிவில் செனட் 2020இலும் நிறைவேற்றியும் அது சட்டமாகவில்லை. அத்தகைய சட்டம் வரும்வரை, பிள்ளைகளை அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் சம்பளத்தை விசாரிக்கும்போதே, நிறுவனம் கிரீன் கார்டுக்கு எந்த ஆண்டில் மனுச் செய்யும் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.