உப்புக்காற்றில் வளர்ந்த பிள்ளைகளே, அந்தக் கமிட்டிக்குப் போங்கள்



வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பழைய போட்டோ ஒன்றைப் போட்டு, "இதில் யார் யார் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்பேன். இன்று போட்டோ இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த ஒரு பையன் போன் செய்தான். பையன் என்கிறேன், அவனுக்கே நாற்பது தாண்டிவிட்டது. இரும்புக் குழாய்களுக்கும் தொட்டிகளுக்கும் துருப்பிடிக்காமல் பூச்சு அடிக்கும் தொழிலில் பதினைந்து வருடமாக இருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை.

"டீச்சர், டெல்லியில துருத் தடுப்புக்கு ஸ்டாண்டர்டு எழுதுற கமிட்டி ஒண்ணு இருக்கு. கம்பெனி சார்பா என்னைப் போகச் சொல்றாங்க. முடியாதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றான்.

"ஏன்டா?" என்றேன்.

"பெரிய பெரிய புரொபசர், அதிகாரிங்க உட்கார்ற இடம் டீச்சர். நான் வெறும் டிப்ளமோ. அதுக்குத் தனிச் சம்பளமும் கிடையாது. நூறு பக்கத்தைப் படிச்சிட்டு ஒரு வார்த்தைக்கு ரெண்டு மணி நேரம் பேசணும். எனக்கு எதுக்கு?"

"நீ போகத்தான் வேண்டும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு, இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொல்லாத ஒரு கதையைச் சொல்ல வேண்டும்.

2004-இல் நான் கடலோரப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியை. பழைய ஓட்டுக் கட்டடம் போதவில்லை என்று இரண்டு வகுப்பறைக்குக் கான்கிரீட் கட்டடம் வந்தது. எங்களுக்கெல்லாம் திருவிழா மாதிரி இருந்தது. கம்பி வந்து இறங்கியது. கடற்கரை மணலில் மூன்று மாதம் திறந்து கிடந்தது. கை வைத்தால் காவி ஒட்டும். கலவைக்குப் பள்ளி போர் தண்ணீரையே எடுத்தார்கள். அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தளத்துக்குக் கம்பி கட்டியபோது, சென்ட்ரிங் தகட்டின் மேலேயே கம்பி படுத்திருந்தது. எல்லாவற்றையும் நான் பார்த்தேன்.

கான்ட்ராக்டரிடம் ஒரு தடவை கேட்டேன். "எல்லாம் ரூல்படிதான் டீச்சர்" என்றார். எந்த ரூல் என்று கேட்க எனக்குத் தெரியவில்லை. வேலை திருப்தியாக முடிந்தது என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன்.

பத்து வருடம். 2014 மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை மூன்றாம் வகுப்பைத் திறந்தால், கூரையிலிருந்து பெரிய பாளம் பெயர்ந்து முன் பெஞ்சின் மேல் கிடக்கிறது. மேலே துருப்பிடித்த கம்பி எலும்பு மாதிரித் தெரிகிறது. விழுந்தது ஞாயிற்றுக்கிழமை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெஞ்சில் உட்காரும் நான்கு பிள்ளைகளின் பெயர் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று முதல் வகுப்பு வேப்பமரத்தடியில் நடந்தது. கட்டடத்தை இடித்தார்கள்.

ஆணியை உப்புத் தண்ணீரில் போட்டு, எண்ணெய் ஊற்றிய தண்ணீரில் போட்டு, எது துருப்பிடிக்கிறது பார் என்று உங்களுக்குச் சோதனை செய்து காட்டியவள் நான். வகுப்பில் சொல்லிக் கொடுத்ததை என் தலைக்கு மேல் இருந்த கம்பிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

அப்புறம்தான், சிவில் படித்த பழைய மாணவி ஒருத்தி ஒரு ஜெராக்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. கான்கிரீட் வேலைக்கு நம் நாட்டின் அடிப்படைத் தரநூல். எழுதி வெளியிட்டது பி.ஐ.எஸ்., அதாவது இந்திய தர நிர்ணய அமைவனம். நாம் ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று சொல்கிறோமே, அதே இடம்தான். ஐ.எஸ்.ஐ. 1947-இல் தொடங்கியது, 1987-இல் பி.ஐ.எஸ். ஆனது.

அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட் என்றால் 2,000 வரை போகலாம். கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர். கடலோரக் காற்று படும் இடத்தில் 45. கடல் நீர்த் திவலை படும் இடத்தில் 50. அலை ஏறி இறங்கும் இடத்தில் 75. எங்கள் தளத்தில் 45 இருந்திருக்க வேண்டும். கம்பி தகட்டின் மேலேயே படுத்திருந்தது.

ஏன் இப்படிக் கணக்கு? கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அதனால் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகி அதைக் காப்பாற்றும். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே போனால் அந்தப் படலம் உடையும். பிறகு காற்றும் ஈரமும் சேர்ந்து துரு. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளித் தள்ளி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். மூடும் கனம் அதிகமானால் வெளி உப்பு கம்பியைத் தொட வருடங்கள் ஆகும். கலவைத் தண்ணீரிலேயே உப்பு இருந்தால் முதல் நாளே உள்ளே வந்துவிடுகிறது.

அந்த ஜெராக்ஸ் தாள் என்ன செய்தது என்றும் சொல்கிறேன். 2016-இல் புதுக் கட்டடம் வந்தது. போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பணம் கட்டிச் சோதித்தேன். குளோரைடு 1,900-ஐத் தாண்டியது. புதுக் கான்ட்ராக்டரும் "தண்ணி எல்லாம் ஒண்ணுதான் டீச்சர்" என்றுதான் ஆரம்பித்தார். ஆய்வக முடிவையும் ஜெராக்ஸையும் ஒன்றாக நீட்டினேன். முகம் சுருங்கியது. மறுநாள் டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்ததையும் ஸ்கேலால் அளந்து பார்த்தேன். 2018-இல் நான் ஓய்வு பெறும் வரை அந்தத் தளத்தில் ஒரு விரிசல் இல்லை.

நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவள். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது. என் கையில் இருந்தது 500 என்ற ஒரே ஒரு எண். அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு கமிட்டியில் மனிதர்கள் உட்கார்ந்து, சோதனை முடிவுகளை வைத்துப் பேசி எழுதியது. உட்கார்ந்தவர்களில் ஒருவர்கூட எங்கள் பள்ளியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் எழுதியது எங்கள் பிள்ளைகள் தலைக்கு மேல் நிற்கிறது.

அதனால்தான் அந்தப் பையனைப் போகச் சொன்னேன்.

"கம்பெனிக்காரங்கதானே டீச்சர் அங்க உட்கார்றாங்க?" என்றும் கேட்டான். உண்மைதான். இந்தக் கமிட்டிகளில் உற்பத்தியாளர், வாங்கிப் பயன்படுத்துபவர், ஆராய்ச்சி நிறுவனம், அரசுத் துறை எல்லோருக்கும் இடம் உண்டு. ஆனால் தன் சரக்கு விற்க வேண்டியவர் தவறாமல் வருவார். பயன்படுத்துகிறவருக்கு அன்று வேறு வேலை இருக்கும். பந்திக்கு முந்து என்று நம்மவர்கள் சொல்வார்கள். இந்தப் பந்திக்கு நாம் முந்துவதே இல்லை. பிறகு ரூல் அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று புலம்பி என்ன பயன்?

இவனும் கம்பெனி ஆள்தான். அதையும் சொன்னேன். "கம்பெனிக்கு லாபமான வரியும் ஜனங்களுக்குப் பாதுகாப்பான வரியும் வேறு வேறாக இருக்கும் நாள் வரும். அன்றைக்குச் சோதனை முடிவை எடுத்து வைத்துப் பேசு. அது முடியாவிட்டால், இதில் என் கம்பெனிக்கு லாபம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு உட்கார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

ஒரு வார்த்தைக்கு இரண்டு மணி நேரம் என்று சலித்துக்கொண்டானே, அதற்கும் பதில் சொல்கிறேன். "போட வேண்டும்" என்பதற்கும் "போடுவது நல்லது" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான்காம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தேன். "நல்லது" என்று எழுதினால் கான்ட்ராக்டர் போட மாட்டார். "வேண்டும்" என்று எழுதினால் போடாதவரைக் கேள்வி கேட்கலாம். இரண்டு மணி நேரம் என்ன, இரண்டு நாள் பேசினாலும் தகும்.

இன்னொரு கேள்வி உங்களில் சிலருக்கு வரும். "ரூல் 2000-லயே இருந்துதே டீச்சர், உங்க கட்டடம் 2004-ல ஏன் அப்படி ஆச்சு?" நியாயமான கேள்வி. ரூல் புத்தகத்தில் இருந்தது, வேலை நடக்கும் இடத்துக்கு வரவில்லை. என் கருத்து, இதற்கும் கமிட்டிக்குள் ஆள் வேண்டும். மேஸ்திரியும் தலைமையாசிரியையும் ஒரு பாட்டிலும் ஒரு ஸ்கேலும் வைத்துச் சரிபார்க்கிற மாதிரி ஒரு பக்கப் பட்டியல், தமிழிலும் மற்ற மொழிகளிலும், இப்படிப்பட்ட தரநூல்களோடு வர வேண்டும். வேலை இடத்தில் நின்று பழகியவனுக்குத்தான் அது தோன்றும். டிப்ளமோ படித்தவனை நான் அனுப்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

நம் பகுதிக்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு என்றும் நினைக்கிறேன். துருவைப் படிக்க நம் பகுதியைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் உப்புக்காற்றோடு நூறு வருடத்துக்கு மேல் போராடியது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறப்பு. துருவை ஆராய்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மண்டபத்தில் அவர்களுடைய சோதனை மையமும் உண்டு. ஊரிலேயே இவ்வளவு இருக்க, நம் பிள்ளைகள் ஏன் ஒதுங்கி நிற்க வேண்டும்?

வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் சர்டிபிகேட் வாங்கக் காசு கட்டுகிறீர்களே நேஸ் என்று, அது 1943-இல் குழாய்த் துறைப் பொறியாளர்கள் 11 பேர் சேர்ந்து தொடங்கியது. 2021-இல் இன்னொரு அமைப்போடு இணைந்து இப்போது ஏ.எம்.பி.பி. என்று பெயர். அதன் கமிட்டிகளில் தரம் எழுதுவதும் உங்களைப் போன்ற உறுப்பினர்கள்தான். 2016-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, துருவால் உலகத்துக்கு ஆகும் செலவு வருடத்துக்கு 2.5 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டது. தெரிந்த தடுப்பு முறைகளை ஒழுங்காகப் பின்பற்றினாலே அதில் 15 முதல் 35 சதவீதம் மிச்சமாகும் என்றும் சொன்னது. ஏ.எஸ்.டி.எம். அமைப்பில் ஓர் உறுப்பினர் காரணம் எழுதி எதிர்ப்பு ஓட்டுப் போட்டால், கமிட்டி அதை எடுத்துப் பேசாமல் மேலே போக முடியாது. ஒற்றை ஆளின் பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு வேறு எங்கே கிடைக்கும்?

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு:

கமிட்டிக்குப் போகச் சொல்லி அலுவலகத்தில் கேட்டால் மறுக்காதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

கமிட்டியில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. புதுத் தரமோ திருத்தமோ வரும்போது பி.ஐ.எஸ். அதன் வரைவைக் கருத்துக் கேட்க வெளியில் விடும். எந்தப் பிரிவு, என்ன குறை, எப்படி மாற்ற வேண்டும், ஏன் என்று எழுதி அனுப்புங்கள். "சரியில்லை" என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. மாற்று வாக்கியத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிவந்த தரங்களையும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பார்க்கிறார்கள். ஆகவே நேரம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள்.

ஆசிரியராக இருக்கும் பிள்ளைகள், பள்ளிகளில் பி.ஐ.எஸ். நடத்தும் ஸ்டாண்டர்ட்ஸ் கிளப் பற்றி விசாரியுங்கள். ஆணிச் சோதனையை அங்கே செய்துகாட்டிவிட்டு, அப்படியே தலையைத் தூக்கிக் கூரையையும் பார்க்கச் சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அது.

வீடு கட்டும் உறவினர்கள், அடித்தளம் தோண்டும் முன் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள். குளோரைடு 500. மறக்காதீர்கள்.

அந்தப் பையன் நேற்று இரவு மெசேஜ் அனுப்பியிருந்தான். பெயர் கொடுத்துவிட்டானாம். முதல் கூட்டத்துக்கு முன் படிக்க வேண்டிய வரைவு எண்பது பக்கமாம். "ஹோம் வொர்க் ஜாஸ்தி டீச்சர்" என்று எழுதியிருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உங்களில் யாராவது வரைவுக்குக் கருத்து எழுதினால் எனக்கும் அனுப்புங்கள். தொழில்நுட்பம் எனக்குத் தெரியாது. வாக்கியம் குழப்பமாக இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் தருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்